பதினைந்து சொல்லுக்குப் பதினைந்து சொல்

பணிநாள் 212. காலை 09:10

நிலையம்: தூது-4. இடம்: சனிக்கோளின் நிலவான டைட்டனைச் சுற்றும் பாதை. ஆள்: ஒன்று. காற்று, தண்ணீர், மின்சாரம் மூன்றும் சரி.

இதைக் கண்டெடுப்பவர் யாரோ, அவருக்காக எழுதுகிறேன். என் பெயர் அமலோற்பவம். வயது ஐம்பத்து மூன்று. மதுரையில் இருபத்தாறு வருடம் நீதிமன்றக் கட்டுகளைச் சுருக்கிக் கொடுத்தவள். இங்கேயும் அதே வேலைதான். கீழே டைட்டனில், கரும்பனித் தளத்தில் அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் அறிக்கை எல்லாம் என்னிடம் வரும். நிலையத்தின் பெரிய அலைவாங்கி போன வருடம் பழுதானதிலிருந்து பூமிக்கு ஒரு நாளைக்கு முந்நூறு சொல்தான் போகும். அந்த முந்நூறை நான் எழுதுகிறேன். பூமி அதை மட்டுமே படிக்கும்.

முன்பு இந்த வேலையை ஓர் இயந்திரம் செய்தது. எல்லோரையும் பாராட்டியது என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். நான் யாரையும் பாராட்டுவதில்லை.

இன்று வந்தவை ஆறு அறிக்கைகள். மண் ஆய்வாளர் மீத்தேன் மழையைப் பற்றி நான்கு பக்கம் உருகியிருக்கிறார். மழையளவு எவ்வளவு என்பதை மறந்துவிட்டார். மருத்துவர் "பெரிதும் கவலைக்குரியதல்லாத நிலை எனக் கருதவும் இடமுண்டு" என்று எழுதியிருக்கிறார். நோயாளி நலமா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. நலம்தான். அதைச் சொல்ல ஒரு சொல் போதும்.

அறுபத்து மூன்று பேரும் பட்டம் பெற்றவர்கள். ஒருவருக்கும் எழுத வராது.

பணிநாள் 214. காலை 10:40

ஆவுடையப்பன் என்று ஒரு கட்டடத் தொழில்நுட்பர். பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறார். முதல் பக்கம் முழுக்கச் சாம்பார். இரண்டாம் பக்கம் தொடர்ந்து இரண்டு பணிநேரம் பார்க்கச் சொல்கிறார்கள் என்ற புலம்பல். மூன்றாம் பக்கத்தில் அவர் மனைவி இசக்கியம்மாள் வருகிறார். வடக்குக் கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாராம். அவரைத் தெற்குக் கூடத்துக்கு மாற்ற வேண்டுமாம். பிறகு கட்டடம், தூண், மறுபடி சாம்பார். பத்தி பிரிக்கத் தெரியவில்லை. முற்றுப்புள்ளி என்றால் கூலி கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ. பதினான்கு பக்கத்தையும் பார்த்தேன்.

அதே பொருளில் தள இயக்குநர் முனைவர் வித்யாபதி ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறார். ஐந்து வரி. சுத்தமான நடை. இந்த நிலவில் ஒருவராவது பள்ளிக்குப் போயிருக்கிறார்.

நடுநிலை என்பது என் தொழில் தர்மம். ஒருவருக்கு எத்தனை சொல்லோ மற்றவருக்கும் அத்தனை. அனுப்பியது இது:

"தொழில்நுட்பர் ஆவுடையப்பன் உணவு, பணிநேரம், கட்டடத்தின் நிலை ஆகியவை குறித்துக் குறை கூறுகிறார், தம் மனைவிக்குப் பணியிட மாற்றமும் கேட்கிறார். இயக்குநர் வித்யாபதி கட்டடம் வடிவமைப்பு வரம்புக்குள் இருப்பதாகவும் உணவும் பணிநேரமும் விதிப்படியே நடப்பதாகவும் இடமாற்றக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாகவும் தெரிவிக்கிறார்."

பதினைந்து சொல்லுக்குப் பதினைந்து சொல். தராசில் வைத்தால் முள் அசையாது.

பணிநாள் 216. பிற்பகல் 14:05

பூமியின் பதில்: "படித்தோம். நடவடிக்கை தேவையில்லை."

நிலையம் தளத்துக்கு நேர் மேலே வரும் நாற்பது நிமிடத்தில் ஆவுடையப்பன் குரல்வழியில் கூப்பிட்டார். எழுத்தைப் போலவேதான் பேச்சும்.

"யக்கா, கேக்குதா? ஆவுடையப்பன் பேசுதேன். என் ரிப்போர்ட்ட அனுப்பிட்டீயளா?"

அனுப்பிய வரிகளை வாசித்துக் காட்டினேன்.

"இதுல நான் சொன்னது எங்கக்கா இருக்கு?"

"கட்டடத்தின் நிலை குறித்துக் குறை கூறுகிறார் என்று இருக்கிறதே."

"குறையா? யக்கா, தூணு எறங்குது. அளவெடுத்துப் போட்டிருக்கேன். சூடு கசிஞ்சு அடியில பனி எளகுது. அந்தக் கூடத்த மூடணும். மூடுறதுக்கு உத்தரவு பூமியில இருந்துதான் வரணும். வீட்டுக்காரிய மாத்தச் சொன்னது சும்மாவா?"

திருத்தம் இருந்தால் தனி அறிக்கையாக எழுதி, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னேன். விதி அதுதான். எனக்குக் கிடைத்த இரண்டு எழுத்துகளையும் சமமாக வைத்தேன், யார் பக்கமும் சாய மாட்டேன் என்றும் சொன்னேன்.

"அவரு எப்படிக்கா கையெழுத்துப் போடுவாரு? அவரு கட்டுன கூடம்லா."

நிலையம் தொடுவானத்துக்குக் கீழே போனது. தொடர்பு அறுந்தது. தேநீர் போட்டுக்கொண்டேன்.

பணிநாள் 219. பகல் 13:20

தளத்தின் முதன்மை அலைவரிசை 12:48க்கு நின்றது. காரணம் தெரியவில்லை. தளத்தின் அலைவாங்கி வடக்குக் கூடத்தின் கூரையில் இருக்கிறது. மீத்தேன் மழையில் நனைந்திருக்கும். நான்கு பக்கம் உருகிய மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

பணிநாள் 219. பகல் 15:02

மழை இல்லை.

கைக்கருவியில் ஆவுடையப்பன் பேசினார். வடக்குக் கூடம் இடிந்துவிட்டது. ஆறாம் தூண் புதைந்து கூரை பிளந்தது. வெளியே நூற்று எழுபத்தொன்பது டிகிரி உறைகுளிர். சாப்பாட்டு நேரம். உள்ளே பத்தொன்பது பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. மற்ற நாற்பத்து நான்கு பேரும் தெற்குக் கூடத்தில் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இசக்கியம்மாளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அவ அங்கதான் இருந்தா."

கருவியின் பேட்டரி எவ்வளவு என்று கேட்டேன்.

பணிநாள் 219. மாலை 17:30

அந்தப் பதினான்கு பக்கத்தையும் படித்தேன்.

214ஆம் நாள் குறிப்பில் "பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன். "படித்தேன்" என்று எழுதவில்லை. பொய் சொல்லாமல் ஏமாற்றுவதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

மூன்றாம் பக்கத்திலேயே ஆளை எடைபோட்டுவிட்டேன். மீதிப் பக்கங்களில் கண்ணை ஓட்டினேன். பதினோராம் பக்கத்தின் நடுவில், சாம்பாருக்கும் காலுறைக்கும் இடையில் இது இருக்கிறது:

"ஆறாம் தூண் முதல் வாரம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது இரண்டாம் வாரம் ஐந்து மூன்றாம் வாரம் பதினொன்று இப்படியே போனால் பத்து நாள்கூடத் தாங்காது"

முற்றுப்புள்ளி இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. தேதி, கருவி, அளந்த இடம், அளந்தவர். இயக்குநரின் ஐந்து வரியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அழகான வரிகள். ஒரு வரிக்கும் அடியில் தரை இல்லை.

அளந்தவனுக்குப் பதினைந்து சொல், அளக்காதவனுக்குப் பதினைந்து சொல். இதை நடுநிலை என்று எழுதினேன். உயிர் பயத்தில் கேட்டதை "பணியிட மாற்றமும் கேட்கிறார்" என்று எழுதினேன். அந்த "-உம்" இருக்கிறதே. சலுகை கேட்கிற ஆள் என்று படிக்கிறவர் மனத்தில் விழட்டும் என்றே போட்டது. யாருக்கும் தெரியாமல் ஓர் ஆளை இரண்டு எழுத்தில் மட்டம்தட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியும். அப்போது ரசித்தேன்.

அந்தத் தளத்தில் ஒருவருக்கும் எழுத வராது என்று எழுதியவள் படிக்கத் தெரியாதவள்.

பணிநாள் 220. காலை 08:15

இயக்குநர் வித்யாபதி கைக்கருவியை வாங்கிப் பேசினார்.

"மேடம், இன்னைக்குப் போற செய்தியில 'எதிர்பாராத நில அதிர்வு'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. அவ்ளோதான். தெற்குக் கூடத்துக்கு ஒரு ஆபத்தும் இல்ல. நான் பொறுப்பு."

"அளந்தீர்களா?"

"அளக்க வேண்டிய அவசியம் இல்ல. டிசைன் எனக்குத் தெரியும்."

"நில அதிர்வை யார் பதிவு செய்தது? கருவி எண் சொல்லுங்கள்."

"நீங்க சுருக்கி எழுதறவங்க. விசாரணை பண்றவங்க இல்ல."

சுத்தமான வாக்கியம். அவர் எப்போதும் அப்படித்தான். இந்த ஆளை நான் மெச்சினேன் என்பதை எழுதி வைக்கிறேன். கண்டெடுப்பவர் என்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்து ஆவுடையப்பன். இரவு முழுக்கத் தெற்குக் கூடத்துத் தூண்களை அளந்திருக்கிறார். மனைவியை இழந்த மறுநாள். அவையும் இறங்குகின்றன. ஐந்து நாள் தாங்கலாம், எட்டு நாளும் தாங்கலாம் என்கிறார். அதற்கு மேல் இல்லை.

பணிநாள் 220. காலை 11:00

பூமியிலிருந்து உதவி வர இரண்டு வருடம். என் நிலையத்தில் இறங்குகலம் கிடையாது. அருகில் இருப்பது ஒரே ஒரு சரக்குக் கலம். பெயர் வலம்புரி. தலைவர் ஹமீதா, அவரோடு ஏழு பேர். என்சலடஸ் நிலவுக்கு உணவு ஏற்றிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்குள் திரும்பினால் ஆறு நாளில் டைட்டன். நாளைக்கு என்றால் வேகம் கூடிவிடும், திரும்பவே முடியாது. இன்று திரும்பினாலும் எரிபொருள் மொத்தமும் தீர்ந்து, ஏற்கெனவே வழியில் இருக்கும் அடுத்த கலம் வரும்வரை ஐந்து மாதம் இங்கேயே கிடக்க வேண்டும்.

கலத்தின் வாங்கி சிறியது. ஒரு நாளைக்கு ஒருமுறை, ஐம்பது சொல். இன்றைய முறை 13:00 மணிக்கு. கேள்வி கேட்டுப் பதில் வாங்க நேரம் கிடையாது. அவர் என் ஐம்பது சொல்லைப் படித்து, எட்டு உயிரை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

பணிநாள் 220. பகல் 12:20

ஆவுடையப்பன்:

"யக்கா, கூடக்கொறைய எழுதுங்க. ரெண்டு நாள்ல எல்லாரும் சாகப்போறோம்னு எழுதுங்க. பாவம் பாத்து வருவாங்க."

"இரண்டு நாள் என்று எழுதினால் ஆறு நாள் ஓடிவந்து என்ன பயன் என்று அவர் போய்விடுவார்."

"அப்ப பத்து நாளுன்னு போடுங்க."

"போடலாம். இறங்கும்போதே கூடம் சாய்ந்தால் அவர்களும் சேர்ந்து சாவார்கள்."

பின்னால் யாரோ அழுகிற சத்தம். ஆணா பெண்ணா தெரியவில்லை.

"அப்ப உள்ளத எழுதுங்க. ஆனா இந்தத் தடவ எல்லாத்தையும் எழுதுங்க."

ஒன்பது தடவை எழுதி அழித்தேன். என் கை கெஞ்சப் பார்த்தது. "தயவுசெய்து" என்று ஒருமுறை வந்தது. எடுத்துவிட்டேன். இயக்குநரை ஒரு வார்த்தையில் குத்த ஆசை வந்தது. அதையும் எடுத்தேன். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே வைத்தேன், எதை நம்பிச் சொன்னார் என்பதையும் பக்கத்தில் வைத்தேன். கடைசியாக, என்னைப் பற்றிய வரி. அதை விட்டுவிட்டால் எட்டுச் சொல் மிச்சம், யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஆனால் ஆவுடையப்பனின் கணக்கை நம்பலாமா என்று ஹமீதா யோசிப்பார். அதற்கு விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

13:00க்கு அனுப்பியது:

"வடக்குக் கூடம் இடிந்தது, பத்தொன்பது பேர் இறந்தனர். தெற்குக் கூடத்தில் நாற்பத்து நான்கு பேர். அதுவும் இறங்குகிறது. ஆவுடையப்பன் தூண்களை அளந்து ஐந்து முதல் எட்டு நாள் என்கிறார். இயக்குநர் ஆபத்தில்லை என்கிறார், அவர் அளக்கவில்லை. நீங்கள் வர ஆறு நாள். வந்தால் திரும்ப எரிபொருள் போதாது. ஆவுடையப்பனின் முந்தைய அளவும் சரியாக இருந்தது. அதை நான் அனுப்பாமல் விட்டேன். முடிவு உங்களுடையது. அமலோற்பவம்."

பணிநாள் 220. மாலை 16:41

வலம்புரியிலிருந்து:

"எட்டுப் பேரும் படித்தோம். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு அவர்களும் சரி என்றார்கள். திரும்பிவிட்டோம். அந்த ஆளை விடாமல் அளக்கச் சொல்லுங்கள். ஹமீதா."

திரையைத் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

பணிநாள் 222. காலை 09:00

தூண் இரண்டு: நேற்று 3 மி.மீ. இன்று 4.

ஆவுடையப்பன் எண்களை மட்டும் சொல்கிறார். சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னென்னவோ பேசுகிற மனிதர் இப்போது என்னைப் போலவே பேசுகிறார். கேட்கச் சகிக்கவில்லை.

பூமி இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. குழு அமைத்திருக்கிறார்களாம்.

பணிநாள் 224. பகல் 12:30

தூண் இரண்டு: 9. தூண் மூன்று: 7. தரை சாய்ந்து தண்ணீர்க் குவளை நகர்கிறதாம். ஆவுடையப்பன் ஆட்களை எல்லாம் கிழக்குச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறார். வேண்டாம், பீதி கிளப்பாதே என்று இயக்குநர் தடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவரும் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாராம்.

பேட்டரி ஒரு பேச்சுக்குத்தான் வரும். கலம் இறங்கும்போது வழிகாட்ட அது வேண்டும். இனிப் பேச வேண்டாம் என்று நானே சொன்னேன்.

பணிநாள் 225.

தொடர்பு இல்லை. தளத்துக்கு மேலே இரண்டு முறை போனேன். ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். கீழே எதுவும் தெரியாது.

சாப்பிடவில்லை. இறந்தவர்களின் பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது பேரில் பதினாறு பேர் எனக்கு எழுதியவர்கள். மழையைப் பற்றி உருகியவரும் அதில் ஒருவர். மழையளவு இருக்கிறது. நான்காம் பக்கம், கடைசி வரி.

இசக்கியம்மாள் எனக்கு ஒன்றும் எழுதியதில்லை. சமையலறையில் இருப்பவரிடம் யாரும் அறிக்கை கேட்பதில்லை.

பணிநாள் 226. காலை 10:12

வலம்புரி வந்துவிட்டது. இறங்குகலத்தில் ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர்தான் ஏறலாம். நான்கு நடை.

10:50. முதல் நடை மேலே.

12:35. இரண்டாவது.

14:20. மூன்றாவது. தெற்குக் கூடத்தின் மேற்குச் சுவரில் விரிசல் விட்டது. எட்டுப் பேர் பாக்கி. ஹமீதாவின் குரல்: "நாங்க எறங்குறோம், நீங்க யாரும் இப்பப் பேசாதீங்க."

பேசவில்லை.

பணிநாள் 226. மாலை 16:03

நாற்பத்து நான்கு.

நாற்பத்து நான்கு பேரும். கடைசியாக ஏறியவர் ஆவுடையப்பன். ஏறி ஆறு நிமிடத்தில் கூடம் புதைந்தது.

பணிநாள் 229. காலை 11:25

பூமியின் பயிற்சிப் பிரிவிலிருந்து செய்தி. முழுதாகப் பதிகிறேன்:

"பணிநாள் 214இல் தாங்கள் அனுப்பிய சுருக்கம் தெளிவுக்கும் நடுநிலைக்கும் சிறந்த எடுத்துக்காட்டு எனத் தேர்வுக்குழு கருதுகிறது. இரு தரப்புக்கும் சம அளவு இடம் தந்த முறை பாராட்டுக்குரியது. புதிய அலுவலர்களுக்கு மாதிரியாக வைக்க இருக்கிறோம். எழுதிய முறை பற்றிச் சிறு குறிப்பு அனுப்பவும். பணிநாள் 220இல் வலம்புரிக்கு அனுப்பியதில் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது விதிமீறல், இனித் தவிர்க்கவும்."

விபத்துக் குழுவும் பயிற்சிப் பிரிவும் ஒரே மாடியில் இருக்கின்றன. நடுவில் ஒரு காப்பி இயந்திரம்.

இன்றைய முந்நூறு சொல்லில் பாதிக்கு மேல் பதினோராம் பக்கத்துக்கும், இறந்த பத்தொன்பது பேரின் பெயர்களுக்கும் போனது. மீதியில் எழுதினேன்: "214ஆம் நாள் சுருக்கம் தவறு. அளந்ததையும் அளக்காததையும் ஒரே எடையில் வைத்தேன். முழு அறிக்கையையும் படிக்காமல் எழுதினேன். மாதிரியாக வைப்பதென்றால் இந்தப் பெயர்களோடு சேர்த்து வையுங்கள்."

18:40. நிராகரித்துவிட்டார்கள். காரணம்: எழுதியவர் ஒரு தரப்பு. நடுநிலை இல்லை.

பணிநாள் 230. பிற்பகல் 15:50

வலம்புரி நிலையத்தோடு இணைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு பேர். ஐந்து மாதம். ஒருத்திக்காகக் கட்டிய இடத்தில் ஈரத்துணி வாசம், இருமல், குழாயடியில் சண்டை. இயக்குநர் தனக்குத் தனி மூலை கேட்டார். ஹமீதா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் நான் நினைத்ததைவிடக் குள்ளம். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகள் குளிரில் கறுத்திருந்தன. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தேன். மிகத் தெளிவான வாக்கியங்கள். சொன்னேன். படிக்காமல் விட்டதையும் சொன்னேன், அந்த "-உம்" பற்றியும் சொன்னேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்த தன் பதினான்கு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தார். நான் சிவப்பில் கோடு போட்ட இடங்கள், சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெதுவாகத் திருப்பி வைத்தார். அப்புறம் சொன்னது இவ்வளவுதான். அப்படியே எழுதுகிறேன், ஓர் எழுத்தும் குறைக்கவில்லை:

"எனக்கு எழுத வராதுக்கா. அதுக்குத்தான உங்கள இங்க வச்சிருந்தாங்க."